இளைஞர் செல்லும் வழியும் நாம் கேட்க வேண்டிய தொண்டும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நின்று வாழ்த்திவிட்டு அமர்வது எளிது. வாழ்த்துக்கு இச்சங்கம் முற்றிலும் உரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இளைஞரும் அரசியலும் சமூகத் தொண்டும்' என்பது. அத்தலைப்புக்குள் இன்று நம் வீடுகளில் அடங்கிய குரலில் பேசப்படும் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர், படித்த பிள்ளைகள், பழமை பேணும் கட்சிகளிலும் அவற்றைச் சார்ந்த தொண்டு அமைப்புகளிலும் சேர்ந்து வருகின்றனர். தந்தை ஒரு கொடியின் கீழும் மகன் வேறொரு கொடியின் கீழும் நிற்கின்றனர். சில வீடுகளில் பேச்சே நின்றுவிட்டது. இதனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதற்கு ஒரு கல்விச் சங்கத்தின் மேடையைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

பழமை பேணும் அரசியல் என்று நான் சொல்வது எதனை? சமயம், குடும்பம், சொத்துரிமை, ஊர் வழக்கம் ஆகியவை முன்னோர் விட்டுச் சென்ற செல்வம். அவற்றைக் காக்க வேண்டும். மாற்றம் வேண்டுமாயின் மெல்ல மெல்ல வரவேண்டும் என்று கருதும் அரசியலைச் சொல்கிறேன். உலகின் பல நாடுகளிலும் இத்தகைய கட்சிகள் உண்டு. ஆனால் 'ஊர் வழக்கம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மற்றவர் மனத்தில் தேரும் திருவிழாவும் தோன்றும். நம் பாட்டன் மனத்தில் தோளிலிருந்து இறக்கிய துண்டு தோன்றும். ஒரே சொல்லுக்கு இரு தெருக்களில் இரு பொருள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு நாம் இப்பொருளைப் பேச இயலாது.

முதலில் அந்த இளைஞர்களுக்கு நியாயம் செய்வோம். அவர்கள் ஏன் செல்கின்றனர்? 'விலை போய்விட்டான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. அது உண்மையில் பாதிகூட இல்லை. நம் வீடுகளில் பக்தி உண்டு. சமயபுரத்துக்கு நடந்து செல்லும் தாய்மாரும், மார்கழியில் திருவரங்கத்துக் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பும் முதியோரும் நம்மிடையே இருக்கின்றனர். கடவுளை வணங்குவோரை எள்ளும் மேடைகளில் அவர்களுக்கு இடமில்லை. இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. சமூக நீதி பேசும் பெரிய கட்சிகளில் நம்மவருக்குத் தனித்தொகுதி தவிர வேறு என்ன கிடைத்தது என்று இளைஞர் கேட்கின்றனர். ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்னும் பொறுப்புகளில் நம்மவர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுகின்றனர். அக்கேள்விக்கு அக்கட்சிகளே விடை சொல்லட்டும். அந்த நிலையில், யாரோ ஒருவர் வீடு தேடி வந்து, நாற்காலி இட்டு, 'தம்பி, நீங்கள் பொறுப்பேற்க வேண்டும்' என்று சொன்னால், இருபத்திரண்டு வயது உள்ளம் அசையாதிருக்குமா?

ஆகவே சென்றது குற்றமா என்று நான் கேட்கப்போவதில்லை. சென்றபின் என்ன தொண்டு செய்கின்றனர் என்பதே என் கேள்வி. அதற்கு வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும். ஏனெனில் நீட்டப்பட்ட இந்தக் கை புதியதன்று.

1932ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். எம். சி. ராஜா என்னும் பெருமகனார் அன்று நம் மக்களின் முன்னணித் தலைவர். ஆசிரியராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஆவணங்களில் இடம்பெறச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என அண்ணல் அம்பேத்கர் வாதாடிய வேளையில், ராஜா அவர்கள் இந்து மகா சபையின் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கூட்டுத் தொகுதி, அதில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் என்பது அதன் சாரம். பழமை பேணுவோருடன் இணங்கிச் சென்றால் இதயங்கள் திறக்கும், கோயில் கதவுகளும் திறக்கும் என்று அவர் நம்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் கூட்டுத் தொகுதி வழியிலேயே அமைந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நமக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

பின் நடந்தது என்ன? 1938இல் ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் இரண்டு முயற்சிகளை மேற்கொண்டார். பொதுக் கிணறு, பொதுச் சாலை, அரசுப் பணி ஆகியவற்றில் நம்மை விலக்கும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அது அவர் பெற்ற வெற்றி. அடுத்து ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜியின் அமைச்சரவை அதனை ஏற்கவில்லை, மசோதா தோற்றது. ஒதுக்கீட்டில் வந்த நம் உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டை மீறி எழ இயலாதவர்களாய் இருந்தனர். ராஜா அவர்கள் மனம் உடைந்தார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அவர் அம்பேத்கருடன் சேர்ந்து நின்றார். மறு ஆண்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றை அவரைக் குறை கூறுவதற்காக நான் எடுத்துரைக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், நேர்மையாளர். இடங்கள் கிடைத்தன, ஆனால் அந்த இடத்தில் அமர்ந்தவன் வாய் திறக்கும் உரிமை கட்சியிடம் இருந்தது. பழமை பேணும் கட்சியில் சேரும் இளைஞன் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுவே. எந்தக் கட்சியில் சேரும் இளைஞனுக்கும் இப்பாடம் பொருந்தும் என்று நீங்கள் சொன்னால் அதனையும் மறுக்க மாட்டேன்.

இனி ராஜாஜி அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1952 முதல் 1954 வரை அவர் நடத்திய ஆட்சியில் இரண்டு செயல்கள் அருகருகே நிற்கின்றன. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கெனப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தை அவரே பிறப்பித்தார். மிராசுதாரர் பண்ணையாளைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்றது அச்சட்டம். காவிரிப் படுகையில் செங்கொடியின் கீழ்த் திரண்ட கூலியாட்களின் போராட்டம் அதற்குப் பின்னணியாக இருந்தது. 1953இல் அதே அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. தச்சன் மகனுக்கு உளி உண்டு, குயவன் மகனுக்குச் சக்கரம் உண்டு; பண்ணையில் சாணம் அள்ளியவன் மகன் எதனைக் கற்பது? நாடு கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஒரே தலைவர், ஒரே ஆட்சி. ஒரு கையால் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு. மறு கையால் அவன் மகனுக்குப் பாதிப் பள்ளி. பழமை பேணும் அரசியல் முழுதும் தீது என்பாரும் முழுதும் நன்று என்பாரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். நாம் திரண்டு நின்ற இடத்தில் அது இறங்கி வந்தது. நம்மைக் கேளாமல் நமக்கு நன்மை எதுவெனத் தீர்மானித்த இடத்தில் பழைய குழிக்கே நம்மைத் திருப்பியது. ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியும் நில உச்சவரம்பையும் கூட்டுறவுப் பண்ணையையும் எதிர்ப்பதைத் தன் முதற் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. நிலமுடையான் கண்ணுக்கு அது சுதந்திரம். ஒரு குழி நிலமும் இல்லாதவன் அதில் தன் பங்கைத் தேடவேண்டியிருந்தது. 1974இல் அக்கட்சி வேறொரு கட்சியில் கலந்து மறைந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். நம் திருச்சிராப்பள்ளித் தொகுதி 1998இலும் 1999இலும் பாரதீய ஜனதாக் கட்சியின் ரங்கராஜன் குமாரமங்கலத்தை மக்களவைக்கு அனுப்பியது. ஆகவே இவ்வூருக்கு அந்த அரசியல் அந்நியமன்று. 2000ஆம் ஆண்டில் அக்கட்சியின் அகில இந்தியத் தலைவராக பங்காரு லட்சுமணனும், தமிழகத் தலைவராகக் கிருபாநிதியும் அமர்ந்தனர். இருவரும் நம் மக்களிடையே தோன்றியவர்கள். 2020இல் எல். முருகன் மாநிலத் தலைவரானார். மறு ஆண்டில் மத்திய இணையமைச்சரானார். இவற்றை மறைப்பது நேர்மையாகாது. குமாரமங்கலம் மறைந்தபின் 2001இல் நடந்த இடைத்தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. சார்பில் தலித் எழில்மலை இதே திருச்சியில் வென்றார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திருச்சி தனித்தொகுதி அன்று; பொதுத் தொகுதி. தம் பெயரின் முன்னே 'தலித்' என்ற சொல்லைத் தாங்கிய ஒருவரைப் பொதுத் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தனர். பொதுத் தொகுதியில் உங்களை நிறுத்தினால் யார் வாக்களிப்பர் என்று எந்தக் கட்சித் தலைவராவது கேட்டால், திருச்சி வாக்களித்தது என்று நம் இளைஞர் விடை கூறலாம்.

பதவிகள் வந்தன, நன்று. பதவியைக் கொண்டு என்ன வந்தது என்பதே அடுத்த கேள்வி. இதற்கு அண்ணல் அம்பேத்கர் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்து சென்றிருக்கிறார். ஆங்கிலேய அரசின்மீது அவருக்குக் கடுமையான குறைகள் இருந்தன. ஆயினும் 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்தார். அமர்ந்த இடத்திலிருந்து வெறுங்கையோடு எழவில்லை. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் நூற்றுக்கு 8⅓ பங்கு நமக்கெனப் பெற்றுத் தந்தார். நம் மாணவர் உயர்கல்வி பெற ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாயைக் கேட்டு வாங்கினார். 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகையின் வழித்தோன்றலைத்தான் இன்று இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவர் பலர் பெறுகின்றனர். யாருடன் அமர்ந்தாய் என்று வரலாறு கேட்கும். என்ன கொண்டுவந்தாய் என்று அதனினும் உரக்கக் கேட்கும்.

இனித் தொண்டைப் பற்றிச் சொல்வேன். இதுவே என் உரையின் உயிர்நிலை.

பழமை பேணும் அமைப்புகளில் சேர்ந்த நம் இளைஞர் நம் தெருவுக்கு வந்து மருத்துவ முகாம் நடத்துகின்றனர். நோட்டுப் புத்தகம் வழங்குகின்றனர். மாலையில் பாடம் சொல்லித் தருகின்றனர். குத்துவிளக்குப் பூசை நடத்துகின்றனர். இவற்றுள் நல்லன உண்டு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்தவன் எக்கட்சியென்று எந்தத் தாயும் கேட்க மாட்டாள். ஆனால் நான் கேட்பது வேறு. இத்தொண்டு ஏன் எப்போதும் நம் தெருவை நோக்கியே வருகிறது? நோய் நம் தெருவில் மட்டுமா இருக்கிறது? நம்மைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கும் மனம் எந்தத் தெருவில் குடியிருக்கிறதோ அந்தத் தெருவுக்கு அல்லவா மருத்துவ முகாம் தேவை?

2022 டிசம்பரில் நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் முன்னே வேறு இரு கொடுமைகளும் வெளிப்பட்டன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களுக்கு இடமில்லை. ஆட்சியர் முன்னின்று அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. கோயில் நுழைவை எல்லா இந்துக்களுக்கும் உரிமையாக்கிய சென்னை மாகாணச் சட்டம் பிறந்தது 1947இல். எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் சட்டத்தின் கை எட்டாத இடம் அந்தக் கோயில் வாசல். அங்கே குடியிருக்கும் மனத்தை மாற்ற நம்மால் இயலவில்லை. நம் பேச்சை அவர்கள் கேட்பதில்லை. பழமையைப் போற்றுகிறோம், இந்துக்கள் அனைவரும் ஒன்று என்று சொல்லும் அமைப்பின் பேச்சை அவர்கள் கேட்கக் கூடும் அல்லவா?

என் அன்புத் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் நான் கேட்கும் தொண்டு இதுதான். நம் தெருவுக்கு நீங்கள் வரவேண்டியதில்லை. இது உங்கள் தெரு, என்றும் உங்களுக்கு இங்கே இடமுண்டு. நீங்கள் சேர்ந்த இயக்கத்தில் ஊர்த்தெருப் பெரியவர்கள் இருக்கின்றனர். அவர்களோடு ஒரே பந்தியில் அமர்கிறீர்கள், ஒரே மேடையில் நிற்கிறீர்கள். அந்த உறவை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குச் செல்லுங்கள். இரட்டைக் குவளை உள்ள கடைக்கு உங்கள் கட்சிக்காரரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தேர் நம் தெருவுக்கு வராத ஊரில் தேர்க்குழுவோடு பேசுங்கள். உங்கள் தலைவர் வருவாரா என்று பாருங்கள். வந்தால் அவரை நானும் வணங்குவேன்.

இப்படி நடந்ததற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவரை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயர் பழுத்த பக்தர். அன்று அவருடன் நுழைந்தோருள் ஒருவர் பின்னாளில் அமைச்சராய் விளங்கிய கக்கன் அவர்கள். ஐயர் சேரிக்கு வந்து அறிவுரை கூறியதோடு நின்றிருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும். தம் இனத்தாரிடம் சென்று வாதாடினார். அவர்தம் வெறுப்பைத் தாங்கினார். ஓராண்டுக்கு முன் ராஜாவின் மசோதாவை ஏற்காத ராஜாஜியின் அரசே அதன்பின் அவசரச் சட்டம் இயற்றித் துணை நின்றது. பழமையை உண்மையாய் நேசிப்பவன் அதன் அழுக்கைத் தானே துடைப்பான்.

நம் ஊர்க் கதைக்கே வருவோம். உறையூரில் பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வாரைத் திருவரங்கம் அறியும். காவிரிக்கரையில் நின்று பாடிய அவரை உலோகசாரங்க முனிவர் கல்லெறிந்து விரட்டினார். பின் இறைவன் ஆணையால் அவரையே தோளில் சுமந்து சன்னிதிக்குக் கொண்டு சென்றார் என்பது வைணவர் வழிவழியாகப் போற்றும் வரலாறு. இக்கதையை மேடைதோறும் சொல்லி, 'பாருங்கள், எங்கள் மரபில் தீண்டாமை இல்லை' என்பர். நான் கேட்பது ஒன்றே. தோளில் ஏறியவர் ஒருவர்; அவருடைய தெருவில் எஞ்சியவர்கள் எந்த வழியாகச் சென்றனர்? ஒருவரைத் தோளில் ஏற்றுவது பெருமைதான். எல்லாரும் தம் காலால் நடந்து செல்லும்படி வழியை விடுவது அதனினும் பெரிது. அக்கதையில் மாறவேண்டியவர் பாணர் அல்லர் என்பதையும் கருதுங்கள். மாறியவர் முனிவர், வளைந்தது அவர் தோள்.

உங்கள் இயக்கத்தின் உள்ளத்தை அறிய உரைகல்லாகச் சில கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பயிற்சி பெற 2007இல் தொடங்கிய பள்ளிகளுள் ஒன்று நம் திருவரங்கத்தில் அமைந்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்றோர் சிலர் தமிழகக் கோயில்களில் அமர்த்தப்பட்டனர், வழக்குகளும் தொடர்ந்தன. முறையாகப் பயின்ற நம் பிள்ளை கருவறையில் பூசை செய்ய உங்கள் இயக்கம் உடன்படுகிறதா என்று கேளுங்கள். 2019இல் ஏழையருக்கென வந்த பத்து விழுக்காட்டு ஒதுக்கீட்டில் நம் ஏழைக்கு ஏன் இடமில்லை என்று கேளுங்கள். 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்தது. ஏப்ரல் 2ஆம் நாள் நாடெங்கும் நம் மக்கள் தெருவில் இறங்கியபின், ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதனை மீண்டும் உறுதியாக்கியது. அன்று ஆண்ட கட்சி பாரதீய ஜனதாக் கட்சியே. நாம் எழுந்தால் அவர்களும் அசைவர் என்பதற்கு இது சான்று. நீங்கள் உள்ளே இருந்து கேட்பதும் நாங்கள் வெளியே நின்று கேட்பதும் ஒரே குரலாய் ஒலிக்கட்டும்.

கேட்டதற்காக உங்களைப் பொறுப்பிலிருந்து நீக்கினால் வருந்தாதீர்கள். உங்களுக்கு அளிக்கப்பட்டது பொறுப்பா, வெறும் நாற்காலியா என்பது அன்று தெளிவாகிவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையை 'துரோகி' என்று அழைக்காதீர்கள். வீட்டில் பேச்சு நின்றால், வெளியே பேசுவோர் சொல்வதே அவனுக்கு வேதமாகும். அவனோடு வாதாடுங்கள். எம். சி. ராஜாவையும் இரட்டைமலை சீனிவாசனையும் அம்பேத்கரையும் அவன் கையில் கொடுங்கள். அம்மூவருமே ஒருவரோடொருவர் மாறுபட்டவர்கள். மாறுபட்டும் நம்மவரை மேலேற்றியவர்கள்.

சங்கத்துக்கும் ஒரு சொல். நம் படிப்பகத்தில் எக்கட்சிக் கொடியும் வேண்டா. எக்கட்சி இளைஞனுக்கும் கதவடைப்பும் வேண்டா. சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகை மனுவுக்கும் அலையும் மாணவனுக்குத் துணை செய்ய வருவோர் யாராயினும் வரட்டும். சங்கத்தின் கணக்கேடும் சாவியும் நம் கையில் இருக்கட்டும். பெறுகின்ற உதவி நம்மை நிமிரச் செய்கிறதா, குனியச் செய்கிறதா என்று ஒவ்வோராண்டும் பொதுக்குழுவில் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் அப்பொதுக்குழுவில் சரிபாதியாய் அமரட்டும். வீட்டிலும் வீதியிலும் பழமையின் சுமையை இரட்டிப்பாய்ச் சுமந்தவர்கள் அவர்களே.

இளைஞர்களே, நீங்கள் எந்த வழியில் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. அவ்வுரிமையை உங்களுக்குத் தந்தது இந்தக் கல்வி. செல்லும் இடமெங்கும் நிமிர்ந்து செல்லுங்கள். நம் மக்களின் கேள்வியைச் சுமந்து செல்லுங்கள். விடையோடு திரும்பி வாருங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, ஊர்த்தெருவும் நம் தெருவும் கூடி அமரும் அவையாக அது அமைய வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.